தாய்லாந்துப் பயணம்: திட்டம் போடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்லாந்து போவதென்று முடிவானதும் பலரும் முதலில் எழுதுவது ஊர்ப் பட்டியலைத்தான்: பாங்காக், சியாங் மாய், புக்கெட், கிராபி, கோ சமுய். லீவு எப்போது என்பதை அப்புறம் அதில் பொருத்துகிறார்கள். பெரிய தவறே இங்குதான். முதலில் மாதத்தைப் பாருங்கள். எந்தக் கடற்கரை என்பதை அதுவே சொல்லிவிடும்.

தாய்லாந்துக்கு இரண்டு பக்கம் கடல். மேற்கே அந்தமான் கடலில் புக்கெட், கிராபி, பி பி தீவுகள். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் சமுய், பங்ஙான், தாவ். இரண்டு பக்கமும் மழைக்காலம் வேறு. கேரளத்துக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்றுதான் அந்தமான் பக்கத்தையும் மே முதல் அக்டோபர் வரை நனைக்கிறது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் சமுய் பக்கம் அடைமழை. நவம்பரில் மிக அதிகம். ஆக, பள்ளி விடுமுறையில் மே மாதம் போகிறவர்களுக்குச் சமுய் பக்கம் நல்லது. டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் புக்கெட்டோ கிராபியோ. மழை மாதங்களில் அறை வாடகை குறைவு என்று புக்கெட் போகிறவர்கள், கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் ஆழத்துக்குக்கூட இறங்கக் கூடாது. அங்கே கடல் உள்ளே இழுக்கும். ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன. மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அந்தமான் பக்கத்துச் சிமிலான் தீவுகளை மூடிவிடுவார்கள். பி பி தீவுகளில் உள்ள மாயா பே கடற்கரை ஆகஸ்ட், செப்டம்பரில் மூடியிருக்கும்.

வடக்கே சியாங் மாய்க்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களில் அறுவடைத் தாளை எரிப்பதும் காட்டுத்தீயும் சேர்ந்து, மலைகளுக்கு நடுவில் புகை தேங்கி நிற்கும். மார்ச்சில் ஊரிலிருந்து பார்த்தால் தோய் சுதெப் மலையே தெரியாத நாட்கள் உண்டு. குழந்தைகளையோ மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களையோ கூட்டிப் போவதாக இருந்தால், அந்த மாதங்களில் வடக்கை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஊர்களை அடுக்குவது. ஒரு வாரத்தில் ஐந்து ஊர் என்பது பெட்டி கட்டும் பயணம்தான். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் அறையைக் காலி செய்வது, நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது என்று அரை நாளாவது போய்விடும். ஒரு வாரம் என்றால் பாங்காக்கும் இன்னொரு ஊரும் போதும். பத்து நாள் என்றால் பாங்காக், சியாங் மாய், ஒரே ஒரு கடற்கரை. அயுத்தயா சுமார் 80 கி.மீ.தான், பாங்காக்கிலிருந்து காலையில் ரயிலேறி மாலையில் திரும்பிவிடலாம். சியாங் மாய்க்கு இரவு ரயிலில் படுத்துக்கொண்டே போனால் பகல் வீணாகாது, ஒரு இரவு வாடகையும் மிச்சம்.

பாங்காக்கில் சுவர்ணபூமி, தோன் முவாங் என்று இரண்டு விமான நிலையங்கள். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறுவதாக டிக்கெட் போட்டால், நடுவில் நான்கைந்து மணி நேரமாவது விடுங்கள். தீவிலிருந்து கிளம்பும் அன்றே ஊர் திரும்பும் விமானத்தையும் வைக்காதீர்கள். கடல் மோசமானால் படகு நின்றுவிடும்.

பாங்காக் அரண்மனைக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், ஆண்களுக்கும்தான். பிற்பகல் மூன்றரைக்கு டிக்கெட் நிறுத்திவிடுவதால் காலையிலேயே போய்விடுங்கள். வெளியே நல்ல உடையில் ஒருவர் வந்து, “இன்று பூஜை, மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்” என்பார். நம்பி டுக்டுக் ஆட்டோவில் ஏறினால் நகைக்கல் கடையில் போய் நிற்பீர்கள். நேராக வாசலுக்கே போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் “இறைச்சி வேண்டாம்” என்று மட்டும் சொல்லி ஏமாறுகிறார்கள். சோம் தாம் என்னும் பப்பாளிக்காய் சாலட் போடும் தள்ளுவண்டியருகே நின்று பாருங்கள். பூண்டும் மிளகாயும் உரலில் விழும். காராமணிக்காய், தக்காளி, பனைவெல்லம், எலுமிச்சை. கூடவே ஒரு பிடி காய்ந்த இறால், ஒரு கரண்டி மீன் சாறு. இறாலை வேண்டாம் என்றாலும், சற்று முன் வேறொருவருக்காக ஊறிய மீன் போட்டு இடித்த அதே உரல்தான். கீரை வதக்கலில்கூட சிப்பிச் சாறு இருக்கும். கேட்க வேண்டிய சொல் “ஜே”. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் இதை எழுதி வைத்திருக்கும் கடைகளில் இறைச்சி, மீன், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் கிடையாது. சீன மாதக் கணக்கில் வரும் ஒன்பது நாள் சைவ விழாவின்போது, செப்டம்பர் அல்லது அக்டோபரில், தெருவெங்கும் இந்தக் கொடிதான்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் செய்யும் தவறு வேறு: மூன்று வேளையும் இந்திய உணவகம் தேடுவது. சியாங் மாய் வரை போய்க் காவ் சோய் சாப்பிடாமல் வரலாமா? தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், தொட்டுக்கொள்ளக் கடுகுக்கீரை ஊறுகாய். நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

தீவுகளில் பைக் வாடகைக்கு எடுப்பவர்கள், பைக்குக்கும் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை இங்கேயே எடுத்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் தூதரகத் தளத்தைப் பாருங்கள். 2025 மே முதல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், தரையிறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசின் தளம் அல்ல.