மூடின ஆலையில் இருந்து ஈய டப்பா வந்தால் கேஸ் கட்டரை எடுக்காதீர்கள்

சேலம், ஓமலூர், மேட்டூர் பக்கம் மூடிக் கிடக்கிற ஆலைகளை ஏலத்தில் எடுத்து உடைக்கிற காயலான் கடைக்காரர்களுக்கும், அந்த லோடைப் பிரிக்கிற பசங்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்டீல், சிமெண்ட், பேப்பர் ஆலைகளில் தொட்டியில் சரக்கு எவ்வளவு இருக்கிறது, தகடு எவ்வளவு தடிமன் என்று அளக்கக் கதிரியக்கக் கருவி வைப்பதுண்டு. ஆலையை மூடினாலும் அதற்குள் இருக்கக்கூடிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் சும்மா இருக்காது, பாதியாகக் குறையவே 30 வருஷம் ஆகும்.

அதனால் ஏலத் தொகையைக் கட்டும் முன்பே உள்ளே போய்ச் சுற்றிப் பாருங்கள். தொட்டிக்கோ குழாய்க்கோ வெளியே போல்ட் போட்டு இறுக்கிய டப்பா, அதில் மஞ்சள் பட்டை, மூன்று இறக்கை விசிறி மாதிரி ஒரு சின்னம். துரு ஏறிப் பெயின்ட் உரிந்திருந்தால் சின்னம் தெரியாது, எடைதான் காட்டிக்கொடுக்கும். உரித்த தேங்காய் அளவு உருண்டை பத்து கிலோ இழுக்கிறதா, உள்ளே ஈயம். இரும்பை விட ஈயத்துக்கு விலை அதிகம், உடனே உடைக்கத்தான் கை பரபரக்கும். ஆனால் அந்த ஈயத்தை வைத்ததே உள்ளே இருப்பதை அடைக்கத்தான்.

2010-ல் டெல்லி மாயாபுரியில் இதுதான் நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியைப் பிரித்தார்கள், உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம். அதில் ஒரு துண்டைக் கடைக்காரர் ஒருவர் பர்ஸிலேயே வைத்திருந்தார். ஒரு உயிர் போனது, பல பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

சரி, லோடு ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டதா? வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் விலகுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு கால்வாசியாகிவிடும். சுற்றிக் கயிறு கட்டி கேட்டைப் பூட்டுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் திருமணிமுத்தாற்றில் தள்ளிவிடலாம், இன்னொரு கடைக்குக் கைமாற்றிவிடலாம் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 112-க்கோ கலெக்டர் ஆபீஸ் பேரிடர் எண் 1077-க்கோ அடித்து "கதிரியக்கப் பொருள் என்று சந்தேகம்" என்று அப்படியே சொல்லுங்கள். லோடு முடங்கும் என்ற பயம் எனக்கும் புரிகிறது, போனால் போகட்டும்.

தொட்டவர்கள் துணியைக் கழற்றிப் பையில் கட்டி ஓரமாக வையுங்கள், சோப்பு போட்டு நன்றாகக் குளியுங்கள், அதுவரை சோறு, பீடி எதுவும் வாய்க்குப் போகக்கூடாது. சில மணி நேரத்தில் வாந்தி வரலாம். கையில் சிவப்பும் கொப்புளமும் பெரும்பாலும் பல நாள் கழித்துத்தான் தெரியும், பார்த்தால் தீக்காயம் மாதிரியே இருக்கும். டாக்டரிடம் என்ன இரும்பைத் தொட்டீர்கள், என்றைக்குத் தொட்டீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவரும் தீக்காயத்துக்கு மருந்து போட்டு அனுப்பிவிடுவார்.