கோடு போடுவதற்கு முன்: குடியிருப்புத் தெருவில் சைக்கிள் பாதை என்றதும் நடக்கும் தவறுகள்

“நம் தெருவில் சைக்கிள் பாதை வேண்டுமா, வேண்டாமா?” என்று கேட்டுத் தொடங்கினால் அந்தக் கூட்டம் அப்போதே கெட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கேள்வியே ஆட்களை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. அதற்கப்புறம் யாரும் தெருவைப் பார்ப்பதில்லை, எதிர்வரிசையில் உட்கார்ந்திருப்பவரைத்தான் பார்க்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியவை வேறு. இந்தத் தெருவில் வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன? ஒரு நாளைக்கு எத்தனை? அவற்றில் இங்கே குடியிருப்பவர்களுடையவை எத்தனை, பெரிய சாலையின் சிக்னலுக்குத் தப்பிக் குறுக்கே புகுந்து போகிறவை எத்தனை?

இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பல தெருக்களுக்குச் சைக்கிள் பாதையே தேவைப்படாது. விநோதமாகத் தோன்றலாம், ஆனால் சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்திலேயே வழக்கம் அதுதான். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள், வண்டிகளும் குறைவு என்றால் சைக்கிளும் காரும் ஒரே தெருவில் சேர்ந்து போகும். தனிப்பாதை, வேகமும் நெரிசலும் உள்ள சாலைகளுக்கு. அமெரிக்க நகரங்களுக்கான வடிவமைப்பு வழிகாட்டிகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன: வேகம் குறைவாக இருந்து, நாளுக்கு ஓரிரு ஆயிரத்துக்கு மேல் வண்டிகள் வராத தெருவில் எல்லா வயதினரும் கலந்தே ஓட்டலாம்.

வேகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் காருக்கு முன்னால் பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை ஓடி வருகிறது. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி. அதற்குள் கார் 8 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13. அதே கார் 50-இல் வந்தால் நிற்பதற்குள் 28 மீட்டர் கடந்திருக்கும். மோதலின் ஆற்றலோ இரண்டே முக்கால் மடங்குக்கும் மேல். தெருவோரம் எந்த நிறத்தில் கோடு போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் வேகத்தடை, குறுகலாக்கிய தெருமுனை, குறுக்கே புகும் வண்டியை மட்டும் நிறுத்திச் சைக்கிளை விட்டுவிடும் தூண்கள், இவற்றையெல்லாம் பேசாமல் நேராகக் கோட்டுக்குப் போவது தவறு. கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பிரையன்ட் தெருவை 1982-இல் இப்படித்தான் சைக்கிள் தெருவாக்கினார்கள். குறுக்கே புகுந்து போகும் வண்டி ஓட்டம் தடுக்கப்பட்டதே தவிர, கார் வைத்திருப்பவர் வீடு போய்ச் சேர வழி இருந்தது. நெதர்லாந்தின் சைக்கிள் தெருக்களில் தரை செந்நிறமாக இருக்கும். கூடவே ஒரு பலகை, ‘கார் இங்கே விருந்தாளி’ என்று. விருந்தாளி வரலாம், ஆனால் அதிகாரம் பண்ணக் கூடாது! இந்த முறையில் பார்க்கிங் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பதால் சண்டையில் பாதி கிளம்புவதே இல்லை.

மறுபாதி கிளம்பும். ஒரு தெருவில் தடுத்தால் வண்டிகள் பக்கத்துத் தெருவுக்குப் போகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சுற்றியுள்ள நாலைந்து தெருக்களிலும் சேர்த்து எண்ணாமல் இதற்குப் பதில் சொல்லக் கூடாது. பதில் இல்லாதபோது கேட்டவரைச் ‘சுயநலக்காரர்’ என்று சொல்லிச் சமாளிப்பதைப் பல கூட்டங்களில் பார்க்கலாம்.

இப்போது பார்க்கிங்குக்கு வருவோம், ஏனென்றால் சண்டை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். ஆனால் வாய்விட்டு அப்படிச் சொல்லத் தயங்குகிறார்கள். “பாதுகாப்பு இல்லை”, “தெருவின் அழகு போய்விடும்” என்று வேறு காரணங்கள் வருகின்றன. எதிர்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இது. காரணத்தை மறைத்தால் தீர்வும் கிடைக்காது. நடக்க முடியாத அம்மாவை வாசலில் இறக்கிவிட வேண்டும், இரவு ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வருகிறேன், பொருள் ஏற்றி இறக்க வேன் வரும்: இவை வெட்கப்பட வேண்டிய காரணங்களே அல்ல. ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இடம், அரை மணி நேரம் மட்டும் நிறுத்தும் இடம், ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங் என்று. கேட்டால்தானே தருவார்கள்?

எண்ணிக்கை எடுக்கும் நேரத்திலும் ஏமாந்துபோகலாம். பகல் பதினொரு மணிக்கு எண்ணிவிட்டு, “பாதி இடம் காலிதான்” என்று திட்டம் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். குடியிருப்புத் தெரு நிரம்புவது இரவில். வேலை நாட்களில் ஒன்று, வாரக் கடைசியில் ஒன்று என்று இரண்டு மூன்று இரவுகள் நடந்துபோய் எண்ணுங்கள். வீட்டுக்குள் கார் நிறுத்த இடம் இருந்தும் அதில் பழைய சாமான்களைப் போட்டுவிட்டுத் தெருவில் நிறுத்துகிறவர்கள் எத்தனை பேர் என்பதும் அப்போது தெரியும். (அதைப் பெயர் சொல்லிக் கூட்டத்தில் வாசிக்காமல் இருப்பது நல்லது.)

அப்புறம் வடிவமைப்பு. இடமே இல்லாத தெருவில், எல்லோரையும் திருப்திப்படுத்துவதாக நினைத்து, நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஒரு குறுகலான கோட்டைப் போட்டுவிடுவது இருப்பதிலேயே மோசமான சமரசம். காரின் கதவைத் திறந்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே நீளும். ஓடும் சைக்கிளுக்கு அதன் ஆட்டத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டர் வேண்டும். ஒன்றரை மீட்டர் பாதையில் இந்த இரண்டும் எப்படி அடங்கும்? பாதைக்குள் ஒழுங்காக ஓட்டுகிறவர்தான் கதவில் மோதுவார். கதவுக்குத் தப்ப நடுத்தெருவுக்கு நகர்ந்தால், பின்னால் வரும் கார்க்காரர் ஹாரன் அடிப்பார், ‘அதான் உனக்குப் பாதை போட்டிருக்கே’ என்ற தோரணையில். இந்த மாதிரிப் பாதைக்குப் பதில் ஒன்றுமே போடாமல் விடலாம் என்பது என் கட்சி. காருக்குள் இருப்பவர் கதவைப் பக்கத்துக் கையால் திறக்காமல் தள்ளி இருக்கும் மறு கையால் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பி, கண் பின்பக்கம் பார்க்கும். டச்சுக்காரர்களின் பழக்கம் என்று சொல்லப்படும் இது பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்தில் 2022-இல் சேர்ந்தது. நல்ல பழக்கம்தான், ஆனால் அதை நம்பித் தெருவை வடிவமைக்க முடியாது.

சரி, கார்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே பாதையைக் கொண்டுபோனால்? பெரிய சாலையில் இது அருமையான ஏற்பாடு, நிற்கும் கார்களே அரணாகிவிடும். குடியிருப்புத் தெருவில் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு வாசல், ஒவ்வொரு வாசலிலிருந்தும் ரிவர்ஸில் வெளியே வரும் கார். அதாவது ஒவ்வொரு வீட்டு கேட்டும் ஒரு முச்சந்தி. நிற்கும் கார்களின் மறைவில் வரும் சைக்கிள், வெளியே வருகிறவர் கண்ணில் கடைசி நொடியில்தான் படும். கண்ணில் பட வேண்டுமென்றால் ஒவ்வொரு வாசலுக்கு இருபுறமும் சில மீட்டரைக் காலியாக விட வேண்டும். வரைபடத்தில் பத்து இடம் போகும் என்று சொல்லிவிட்டு வேலை முடிந்தபோது இருபது போயிருந்தால், அடுத்த தெருவில் உங்கள் பேச்சை யார் நம்புவார்கள்? முதல் வரைபடத்திலேயே அந்த இழப்பைக் காட்டிவிட வேண்டும்.

“இங்கே சைக்கிளே போவதில்லை, யாருக்குப் பாதை?” என்ற வாதம் எல்லாக் கூட்டத்திலும் வரும். இன்று ஓட்டாமல் இருப்பவர்கள் ஏன் ஓட்டவில்லை என்பதைக் கேட்காமல் விடுவது அதில் உள்ள தவறு. அமெரிக்காவின் போர்ட்லண்டில் சைக்கிள் திட்டங்களை ஒருங்கிணைத்த ரோஜர் கெல்லர் ஒரு கணிப்பைச் சொன்னார்: நகரத்தில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆசை உண்டு, பயமும் உண்டு. ஆனால் ஆதரவாளர்களும் இதை வைத்து, பாதை போட்ட மறுநாளே தெரு சைக்கிள்களால் நிரம்பிவிடும் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். நிரம்பாது. 1970-களில் ஹேக், டில்பர்க் என்ற இரண்டு டச்சு நகரங்களில் ஒரு நீண்ட பாதையை மாதிரிக்காகப் போட்டார்கள். அந்தப் பாதையில் சைக்கிள் கூடியது, நகரம் முழுக்கப் பெரிதாக மாறவில்லை. அதிலிருந்து கற்றுக்கொண்டு பிறகு டெல்ஃப்ட்டில் வலைப்பின்னலாகப் போட்டார்கள். ஸ்பெயினின் செவில் நகரமும் 2006-ஐ ஒட்டி ஒரே மூச்சில் எண்பது கிலோமீட்டர் அளவுக்குப் போட்டதால்தான் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. நெரிசலான நாற்சந்தியில் போய்த் திடீரென்று முடியும் ஒற்றைத் தெருப் பாதையை வைத்து, ‘பாருங்கள், யாரும் வரவில்லை’ என்று தீர்ப்புச் சொல்வது ரொம்பச் சுலபம்.

பேசும் விதத்திலும் ஒன்று. கூட்டத்தில் ‘சைக்கிள்காரர்கள்’, ‘கார்க்காரர்கள்’ என்று இரண்டு சாதிகளை உண்டாக்கிவிட்டால் அப்புறம் பேச்சு நகராது. 1971-இல் நெதர்லாந்தில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் நானூறுக்கும் அதிகமானோர் குழந்தைகள். தெருவுக்கு வந்த பெற்றோர் வைத்த முழக்கம் சைக்கிளைப் பற்றியதல்ல. ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பது அது. கார் வைத்திருந்தவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் அல்லவா?

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். 2020-இல் பெருந்தொற்றின் அவசரத்தில் லண்டனின் பல பகுதிகளில் மக்களைக் கேட்காமலே தெருக்களில் தடுப்புகளை வைத்தார்கள். வான்ட்ஸ்வொர்த் பகுதியில் சில வாரங்களிலேயே எடுக்க வேண்டி வந்தது. திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்கவே அவகாசம் இல்லாமல் போனது. அதற்காக, கேட்டுவிட்டால் எல்லாம் சுமுகமாக முடியும் என்றும் இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க் வெஸ்ட் என்ற குடியிருப்புச் சாலையில், அந்தப் பகுதியின் சமூகக் குழுவே கேட்டு, ஒப்புதல் கொடுத்து, 2010-இல் பாதை வந்தது. அடுத்த ஆண்டே அக்கம்பக்கத்தார் சிலர் வழக்குப் போட்டார்கள். 2016-இல்தான் திரும்பப் பெற்றார்கள்.

அங்கே நகர நிர்வாகத்துக்குக் கைகொடுத்தது முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த கணக்கு. பாதைக்கு முன்பு நான்கில் மூன்று கார்கள் வேக வரம்பை மீறின. பிறகு ஐந்தில் ஒன்றுதான். பாதிக்குச் சற்றுக் குறைவான சைக்கிள்கள் நடைபாதையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. அது நூற்றுக்கு மூன்று நான்காகக் குறைந்தது. முந்தைய எண் இல்லாமல் ‘சோதனை முயற்சி’ என்று ஆரம்பிக்கும் திட்டங்கள் கடைசியில் யார் சத்தமாகப் பேசுகிறார் என்பதில் வந்து நிற்கும்.

முதல் இரண்டு வாரத்தை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம். பழகாத ஓட்டுநர்கள் தடுமாறுவார்கள், யாராவது அதை வீடியோ எடுப்பார்கள். தீயணைப்பு வண்டி, குப்பை லாரி பிரச்சினையையும் வாய்ச்சண்டையாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. சுண்ணாம்பால் கோடு போட்டு, உண்மையான வண்டியையே ஒருமுறை வரவழைத்துத் திருப்பச் சொன்னால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து எந்த எண்கள் வந்தால் பாதை இருக்கும், எந்த எண்கள் வந்தால் எடுக்கப்படும் என்பதை முதல் கூட்டத்திலேயே எழுதி, இரண்டு தரப்பையும் கையெழுத்துப் போடச் சொல்லலாம். பெரும்பாலும் இரண்டு தரப்புமே தயங்கும்.