நியூசிலாந்துக்குச் சைக்கிள் கொண்டு போறீங்களா? முதல்ல நெருஞ்சி முள்ளைப் பிடுங்குங்க

கோவையில ஏறி, சிங்கப்பூர் மாறி, சைக்கிளோட நியூசிலாந்து போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு இது. முதல் வேலை கழுவறது. கழட்டி அடைக்க ஒரு சாயங்காலம் போதும். கழுவறதுக்கு ரெண்டு நாள் ஒதுக்கி வைங்க.

ஓட்டின சைக்கிள்னா அங்க இறங்கினதும் அறிவிச்சே ஆகணும். மண்ணு, விதை ஒட்டியிருக்கான்னு அங்கிருக்கற அதிகாரிங்க பாப்பாங்க. மறைச்சு மாட்டினா அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அவங்க பயம் நியாயமுங்க. நம்ம டயர்ல குத்துற நெருஞ்சி முள்ளு அந்தச் செடியோட காய். விதை அதுக்குள்ளதான் இருக்கு. ஒண்ணு போய் முளைச்சா அங்கிருக்கற விவசாயிக்குத் தலைவலி.

டயர் இடுக்கை ஊக்கால நோண்டுங்க. மட்கார்டு உள்பக்கம், சீட்டுக்கு அடிப்பக்கம், பெடல், ஷூவோட அடி எல்லாத்தையும் பழைய பல்துலக்கற பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் வெச்சுத் தேய்ங்க. வாட்டர் சர்வீஸ்ல பீச்சியடிக்காதீங்க, பேரிங் கிரீஸ் போயிரும். துடைக்கறதுக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டை மிஞ்சின துணி இல்லை. வெயில்ல நல்லாக் காயட்டும்.

பெட்டி வாங்கக் காசு செலவழிக்காதீங்க. புதுச் சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டியைக் கடையில கேட்டா எடுத்து வெப்பாங்க. முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஃபோர்க் நுனிக்கு மாட்டியிருக்கற பிளாஸ்டிக் துண்டையும் ஒட்டுக்கா கேட்டு வாங்கிக்கோங்க.

இனி கழட்டறது. பெடல்லதான் புதுசா செய்யறவங்க மாட்டிக்குவாங்க, ஏன்னா இடது பெடலுக்கு மரை தலைகீழ். 15-ம் நம்பர் ஸ்பேனரை மாட்டி, கைப்பிடி மேல நிக்கும்போது பின்சக்கரத்துப் பக்கமாத் தள்ளுங்க. ரெண்டு பெடலும் அப்படித்தான் கழலும்.

முன்சக்கரத்தைக் கழட்டினதும் ஃபோர்க் நடுவுல அந்தப் பிளாஸ்டிக் துண்டை மாட்டுங்க. இல்லேன்னா மேல பாரம் விழுந்தா நசுங்கும். டிஸ்க் பிரேக்குன்னா பேடு ரெண்டுக்கும் நடுவுல மடிச்ச அட்டையைச் சொருகிட்டு, அப்புறம் பிரேக்கைத் தொடவே வேண்டாம்.

பின்னாடி சங்கிலியைக் கியர் மாத்தற டீரெய்லரை மட்டும் சோம்பல் படாம அவிழ்த்துருங்க. 5 எம்.எம். அல்லன் கீ, ஒரே போல்ட். என் முதல் பயணத்துல அதை அப்படியே விட்டுட்டேன். போய்த் திறந்து பாத்தா அது தொங்கற ஹேங்கர் வளைஞ்சு கெடக்குது. ரெண்டு நாள் ஒரே கியர்ல ஏத்தம் ஏறினேன். அவிழ்த்து, துணி சுத்தி, ஃபிரேமுக்கு உள்பக்கமாக் கட்டுங்க. கையோட ஒரு ஹேங்கர் உபரியா வாங்கி வைங்க, ஒவ்வொரு மாடலுக்கும் அது வேற வேற.

சீட்டு உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வெச்சுட்டு இறக்குங்க. ஹேண்டில்பாரைக் கழட்டி ஃபிரேமோட சேத்துக் கட்டுங்க. ஃபிரேமுக்கு மேல ஏசி பைப்புக்கு மாட்டற கறுப்பு ஸ்பாஞ்சுக் குழாய் பிரமாதமாப் பொருந்தும். இடைவெளியில வைக்கோலோ தேங்காய் நாரோ திணிக்காதீங்க. அவ்வளவு கழுவினதுக்கு அர்த்தமில்லாமப் போயிரும், துணியே போதும்.

டயர்ல பாதிக் காத்து இருக்கட்டும். பவர் பேங்க் கைப்பையில, ஸ்பேனர் பெட்டியில. டயருக்குக் காத்தடிக்கற கேஸ் குப்பி வேண்டாம், கைப்பம்பு எடுத்துக்கோங்க. எடை 32 கிலோவுக்கு உள்ள நிக்கணும், சைக்கிள்னு விமானக் கம்பெனிகிட்ட முன்கூட்டியே சொல்லிப் பதிஞ்சுருங்க.

விலை கூடின சைக்கிளா? பெட்டியை ஒட்டறதுக்கு முன்னாடி ஃபிரேம் நம்பரைப் போட்டோ எடுங்க. புறப்படற அன்னிக்குச் சுங்கத்துல ஏற்றுமதிச் சான்று கேட்டு வாங்குங்க. திரும்பி வரும்போது வரி கேட்டா அதைக் காட்டலாம்.