பாதியில் நின்ற கச்சேரிப் பதிவு: என் அனுபவம்

அம்மாவுக்காக டிவி கச்சேரிகளைப் பதிவு செய்ய முதலில் கம்ப்யூட்டரைத்தான் நம்பினேன். செட்டாப் பாக்ஸின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை, டிவி படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியில் செருகினால் படம் வந்துவிடும். ஆனால் ஒரு மணி நேரம் ஓடியதும் படமும் ஒலியும் விலகிவிடும். தனி ஆவர்த்தனத்தில் விரல் மிருதங்கத்தில் விழுந்து எழுந்த பிறகு சத்தம் கேட்கும். ஒருநாள் கம்ப்யூட்டர் நடுவில் ஸ்லீப்புக்குப் போய், பதிவு பல்லவியோடு நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

பாக்ஸுக்கு வருவதே சுருக்கப்பட்ட டிஜிட்டல் ஒளிபரப்புதான். அதை விரித்து, அனலாக் ஆக்கி, கம்ப்யூட்டர் மறுபடி சுருக்குகிறது. பிறகு தரம் எப்படி நிற்கும்? பதிவு வசதியுள்ள பாக்ஸ், வந்ததை அப்படியே டிஸ்கில் எழுதிவிடுகிறது.

சரி என்று இலவச சேனல்களுக்கான அப்படியொரு பாக்ஸ் வாங்கி, பழைய ஹார்ட் டிஸ்கை மாட்டினேன். மூன்று மணி நேரக் கச்சேரி மறுபடியும் பாதியில் நின்றது! ஃபைலைப் பார்த்தால் 4 ஜிபி. டிஸ்க் ஃபாட்32 (FAT32) என்ற, ஃபைல்களை அடுக்கும் பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. உள்ளே இருந்ததை வேறிடத்தில் காப்பி எடுத்துவிட்டு அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் (NTFS) முறைக்கு மாற்றினேன். (உங்கள் பாக்ஸ் அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள்.)

அப்புறம் ஒரு பதிவும் நிற்கவில்லை. விளம்பரங்களை வெட்ட மட்டும் இப்போது கம்ப்யூட்டர்.