நெல் வயல் பூச்சிகளின் பெயருக்கு வால் ஒட்டுவது எப்படி

ஆடுதுறை, மன்னார்குடிப் பக்கம் குறுவை வயலில் பூச்சி பிடித்து அட்டை எழுதும் மாணவர்கள் தடுமாறுவது அறிவியல் பெயரின் கடைசி எழுத்துகளில்தான். விலங்குகளில் குடும்பப் பெயர் ‘இடே’ என்று முடியும். துணைக்குடும்பம் ‘இனே’, பெருங்குடும்பம் ‘ஆய்டியா’. ‘இடே’ கிரேக்கத்திலிருந்து வந்தது: ‘இன்னாரின் வழிவந்தோர்’.

யார் வழி என்பதை முதலில் பாருங்கள். கையிலிருக்கும் பூச்சியின் பேரினம் (அறிவியல் பெயரின் முதல் சொல்) அல்ல, குடும்பத்துக்கு மாதிரியாக வைத்த பேரினமே கணக்கு. குருத்துப்பூச்சி ஸ்கிர்போஃபாகா பேரினம். ஆனால் குடும்பம், கிராம்பஸ் பெயரால் கிராம்பிடே. ‘ஸ்கிர்போஃபாகிடே’ என்று எழுதினால் அப்படி ஒரு குடும்பமே கிடையாது.

அடுத்து, அந்த மாதிரிப் பேரினத்தின் ஆறாம் வேற்றுமை வடிவை எடுத்து, உருபை நீக்கி, மிஞ்சும் அடியோடு ‘இடே’ சேர்க்க வேண்டும். கிரேக்க அகராதியில் சொல்லுக்கு அடுத்து நிற்கும் இரண்டாவது வடிவம் அதுதான். நம் ‘மரம்’ ‘மரத்தின்’ ஆகும்போது ‘அத்து’ தோன்றுகிறதே, அதுபோல ‘மா’வில் முடியும் கிரேக்கச் சொற்களுக்கு ஒரு ‘ட்’ வரும்: பூச்சி முட்டைகளைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவி டிரைக்கோகிராமா, அதன் குடும்பம் டிரைக்கோகிராமட்டிடே. புகையானின் குடும்பத்துக்கு மாதிரி டெல்ஃபாக்ஸ். இதில் ‘க்ஸ்’ போய் ‘க்’ நிற்கும். ‘இ’ சேர்ந்ததும் உச்சரிப்பு மாறி டெல்ஃபாசிடே ஆகும். ‘டெல்ஃபாக்ஸிடே’ தவறு. பாக்டீரியாவுக்கும் தாவரத்துக்கும் ‘இடே’ வராது, ‘ஏசி’தான், அடி எடுக்கும் முறை ஒன்றே. விதைநேர்த்திக்குக் கலக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸின் குடும்பம் சூடோமோனடேசி.

இதைவிட அதிகம் பிழையாவது பால். பேரினத்துக்கு அடுத்து வரும் இரண்டாம் சொல்லான சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும். ‘மா’ பார்வைக்கு லத்தீன் பெண்பால் போலத் தோன்றும். மூலம் கிரேக்கம் என்று உறுதியானால் அது அலிப்பால் (ஆணும் பெண்ணும் அல்லாத பால்). ஆகவே டிரைக்கோகிராமா ஜப்போனிகம், ‘ஜப்போனிகா’ அல்ல. நோய் தடுக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவும் அப்படியே: டிரைக்கோடெர்மா விரிடி, ‘விரிடிஸ்’ அல்ல. டிரைக்கோகிராமா சைலோனிஸில் மட்டும் கைவைக்காதீர்கள். அது பெயரடை இல்லை, ‘சைலோவின்’ என்னும் வேற்றுமை வடிவம். சைலோ ஒரு தண்டுத்துளைப்பான் பேரினம். எந்தப் பாலுக்கும் அது மாறாது.

டிரைக்கோகிராமா ஏறிய முட்டைகள் ஒட்டிய ஒட்டுண்ணி அட்டையை வாங்குபவர்களும் இந்த இரண்டாம் சொல்லைப் படிக்க வேண்டும். குருத்துப்பூச்சிக்கு ஜப்போனிகம், இலைச்சுருட்டுப்புழுவுக்கு சைலோனிஸ். ஒவ்வொரு முறையும் ஹெக்டேருக்கு 5 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை. வெறும் ‘டிரைக்கோகிராமா’ என்று கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

கையால் எழுதும்போது பேரினத்துக்கும் சிற்றினத்துக்கும் தனித்தனியே அடிக்கோடு இடுங்கள். ‘இடே’ பெயருக்கு அடிக்கோடு வேண்டாம்.