ஏசி வாங்கும் முன்: கச்சான் காற்று வீசும் ஊரில் குளிர்ச்சியான அறைக்கு ஒரு செய்முறை

வைகாசி பிறந்தால் இலங்கையின் கிழக்கே, எங்கள் மட்டக்களப்புப் பக்கம், கச்சான் என்ற அனல்காற்று தொடங்கிவிடும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி, கிழக்கே எங்களிடம் இறங்கி வருகிறது. பகல் முழுக்க அனல். இரவிலும் சுவர் சுடும். உடனே ஏசி விலை விசாரிக்கத் தோன்றும். அதற்கு முன் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன, பாதிக்கு மேல் காசே தேவைப்படாதவை. களுவாஞ்சிக்குடியில் அம்மாவின் வீட்டில் செய்து பார்த்தவற்றை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘பாசிவ் ஹவுஸ்’ (சூடாக்கவோ குளிராக்கவோ இயந்திரம் அதிகம் தேவைப்படாத வீடு) என்று தேடினால் வருவது ஜேர்மனியில் வளர்ந்த முறை. டார்ம்ஸ்டாட் நகரில் 1991 இல் மக்கள் குடியேறிய வீடுதான் அதன் முதல் வீடு. உள்ளே உள்ள சூடு குளிரில் வெளியேறாதபடி சுவரைத் தடிப்பாக்கி, காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டுவார்கள். அதைப் பார்த்து இங்கே யன்னலைச் சிறிதாக்கினால் வீடு போறணை ஆகிவிடும். இயந்திரத்தின் வேலையைக் கட்டடத்தையே செய்ய வைப்பது என்ற எண்ணம் நமக்கும் பொருந்தும். ஆனால் நம் வழி நிழலும் காற்றோட்டமும்தான்.

படி 1: ஒரு நாள் முழுக்க வீட்டைப் பாருங்கள்

எதையும் வாங்க வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி, இரவு 8 மணி என நான்கு தடவை ஒவ்வொரு அறைக்கும் போங்கள். வெயில் தரையில் எங்கே விழுகிறதோ அங்கே சோக்கால் கோடு போடுங்கள். எல்லாச் சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்.

இந்தக் கை வைத்துப் பார்ப்பதை எனக்குக் காட்டித் தந்தது அம்மாதான். பேன் சுற்றியும் நித்திரை வருவதில்லை என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பேனைத்தான் மாற்றிக் கொடுத்தேன். ஒரு நாள் இரவு என் கையைப் பிடித்துத் தலைமாட்டுச் சுவரில் வைத்து, “இஞ்ச தொட்டுப் பாரு மகள்” என்றார். அடுப்பை அணைத்த பிறகும் சூடு ஆறாத அடுப்புக்கல்லைப் போல இருந்தது. அது மேற்குச் சுவர். பின்னேர வெயிலை எல்லாம் குடித்து வைத்திருக்கும் சீமெந்துக்கல், நாம் படுக்கும் நேரத்தில்தான் அதை அறைக்குள் விடுகிறது. அவருடைய தலையணை அந்தச் சுவரில் இருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அடுத்த நாள் கட்டிலைக் கிழக்குப் பக்கம் மாற்றினோம். அலுமாரியை மேற்குச் சுவரோரம் வைத்தோம். அன்று இரவு அம்மா இடையில் எழும்பாமல் தூங்கினார். பேன் வாங்கிய காசு வீண்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அதனால் வடக்கு யன்னலில் வெயில் வராது என்று நம்பிவிடாதீர்கள்.

படி 2: வெயிலை வெளியிலேயே நிறுத்துங்கள்

உள்ளே திரை போட்டால் கண்ணுக்கு இதம், ஆனால் கண்ணாடியைத் தாண்டிய வெயில் ஏற்கனவே அறைக்குள் வந்துவிட்டது. அந்தத் திரையே சூடாகி அறையைச் சூடாக்கும். ஆகவே யன்னலுக்கு வெளியே கிடுகுத் தட்டி கட்டுங்கள், தாவாரத்தை நீட்டுங்கள், அல்லது மேற்குச் சுவரில் இருந்து இரண்டடி தள்ளிப் பந்தல் போட்டுக் கொடித்தோடையோ பாகலோ படர விடுங்கள். இடம் இருந்தால் வேம்பு. அது வளரும் வரை பந்தல் போதும்.

கூரை ஓடு என்றால் இடுக்குகள் வழியே சூடு கொஞ்சம் கழியும். தகரம் அல்லது சீற் கூரை என்றால் அவசியம் சீலிங் வேண்டும். சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடான காற்று வெளியேற, முகட்டுக்குக் கீழே இரு பக்கச் சுவரிலும் துவாரம் வேண்டும். கூரையின் வெளிப்பக்கம் வெள்ளைப் பெயின்ற் அடித்தால் வெயில் திரும்பிப் போகும். ஒரு எச்சரிக்கை: அஸ்பெஸ்டஸ் சீற்றை நீங்களாக வெட்டவோ துளைக்கவோ உரசவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

படி 3: காற்றின் பாதையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்துங்கள். பேனை நிறுத்திவிட்டு, அதை யன்னலருகே, கதவடியில், கட்டிலின் மேலே, மூலைகளில் பிடியுங்கள். புகை சாய்ந்து ஓடும் இடம் காற்றின் பாதை. நேரே மேலே போனால் அங்கே காற்று தேங்கி நிற்கிறது.

காற்று உள்ளே வர ஒரு வழி போதாது, வெளியே போகவும் வழி வேண்டும். எங்கள் கரையோரத்தில் பகலில் கடற்காற்று கிழக்கில் இருந்து வரும். கிழக்கு யன்னலைத் திறந்துவிட்டு எதிர்ப்பக்கம் அடைத்திருந்தால் அது வாசலோடு நின்றுவிடும். பலர் வீட்டில் அடைத்திருப்பது சுவரும் இல்லை, யன்னலை மறைத்து நிற்கும் சோபாவின் முதுகு! அதை இழுத்துவிட்டுப் பாருங்கள். கதிரை, வாங்கு எல்லாம் கால் உயர்ந்து, முதுகு பிரம்பால் பின்னியதாக இருந்தால் காற்று அதனூடே போகும்.

நுளம்பு வலையின் தூசியும் காற்றை மறிக்கும். மாதம் ஒரு தடவை கழுவினாலே வித்தியாசம் தெரியும்.

படி 4: தொடும் பொருட்கள், நிறம், வெளிச்சம்

உடம்பு தொடுகிற பொருளில்தான் சுகம் இருக்கிறது. ஸ்பொன்ஜ் மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கும், தும்பு மெத்தை விட்டுவிடும். பகலில் சாய்ந்திருக்கத் தரையில் ஒரு பன்பாய் போதும். விரிப்புக்கும் திரைக்கும் மருதமுனைக் கைத்தறிப் பருத்தி நன்றாக இருக்கும், நைலோன் வேண்டாம்.

சுவருக்கு வெளிர் நிறம், ஆனால் பளபளப்பு இல்லாதது. பல்ப் எல்லாம் எல்ஈடி ஆகட்டும். 60 வாற் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாற்றில் தரும், சூடும் குறைவு. படுக்கையறைக்கு மஞ்சள் வெளிச்சம்.

பேன் அறையைக் குளிர வைப்பதில்லை, தோலில் உள்ள வியர்வையைத்தான் உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் அதை நிறுத்திவிடுங்கள்.

படி 5: காலத்துக்கு ஏற்ப நடத்துங்கள்

கச்சான் நாட்களில் வெளியே உள்ள காற்று வீட்டுக்குள் இருப்பதை விடச் சூடு. காலை 9 மணிக்கே மேற்கு யன்னல்களைச் சாத்துங்கள். பொழுது பட்டு வெளிக்காற்று ஆறியதும் எல்லாவற்றையும் திறந்து விடிய விடிய வைத்திருங்கள். பகலில் கட்டாயம் திறக்க வேண்டி வந்தால், நனைத்த பழைய பருத்திச் சேலையை அந்த யன்னலில் தொங்கவிடுங்கள். கச்சான் வறண்ட காற்று, ஈரத்தை உறிஞ்சும்போது குளிர்ந்து உள்ளே வரும்.

இதையே மாரியில் செய்யக் கூடாது. ஐப்பசி முதல் தை வரை காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கும். நனைத்த துணி காயாது, பூஞ்சண வாடைதான் மிஞ்சும். அந்த மாதங்களில் மழைச் சாரல் அடிக்காத பக்கத்து யன்னலைத் திறந்தே வையுங்கள். மேற்குச் சுவரோரம் வைத்த அலுமாரியையும் நாலு விரல் முன்னால் இழுத்துவிடுங்கள், பின்னால் காற்றுப் போகட்டும். அம்மா கார்த்திகை பிறந்தால் அதன் பின்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்ப்பார், ஈரம் பிடித்திருக்கிறதா என்று.