பொள்ளாச்சி இளநீர் கேக்: ஃபாண்டன்ட் பழகுபவர்களுக்கு முதல் செய்முறை

நிஜப் பொருள் போலவே தெரியும் கேக் செய்ய விரும்புகிறவர்கள் பலரும் கார், ஷூ, கைப்பை என்றுதான் தொடங்குகிறார்கள். முதல் கேக்குக்கு அவை வேண்டாம் என்பேன். நேர்கோடும் விளிம்பும் உள்ள பொருளில் சின்னக் கோணல்கூட உடனே கண்ணில் படும். இளநீரில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே குலையில் பறித்த இரண்டு காய்களே ஒன்றுபோல் இருக்காது. மட்டையில் தழும்பு இருக்கும், ஒரு பக்கம் வெளுத்திருக்கும். அப்புறம் இன்னொரு வசதி: காய் நிற்பதற்காகக் கடைக்காரர் அடியைச் சமமாகச் சீவிவிடுவார். நம் கேக்கும் அதே அடியில்தான் போர்டில் உட்காரும்.

முதல் வேலையாக ஒரு இளநீர் வாங்கி, மேலே சீவித் திறந்து, மேஜைமேல் வையுங்கள். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் சாலையோரத்திலேயே கிடைக்கும். போனில் படம் பார்த்துச் செய்யாதீர்கள். படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும், நிறமும் திரைக்குத் திரை மாறும். கேக் நிஜம்போல் அமைய, கைத்திறமையைவிட உதவுவது அந்தக் காயை அடிக்கடி திரும்பிப் பார்ப்பதுதான்.

மேலிருந்து பார்த்தால் காய் முழு வட்டமாக இல்லை, முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கும். மூன்று மேடுகள் மேலிருந்து கீழே ஓடும். இதை நினைவில் வையுங்கள், ஃபாண்டன்ட் (கேக்கைப் போர்த்தும் சர்க்கரை மாவு) போர்த்தும்போது தேவைப்படும்.

கேக்

செதுக்குவதற்குப் பஞ்சு போன்ற ஸ்பாஞ்ச் ஆகாது, உதிர்ந்துவிடும். வெண்ணெய் நிறைந்த, இறுக்கமான கேக் வேண்டும். 6 அங்குல வட்டத் தட்டு மூன்றுக்கு அளவு இது:

உப்பில்லாத வெண்ணெய் 350 கிராம், பொடித்த சர்க்கரை 350 கிராம், முட்டை 7, மைதா 420 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், ஈரமில்லாத தேங்காய்த் துருவல் 80 கிராம், தேங்காய்ப்பால் 60 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை.

ஊத்துக்குளி வெண்ணெய் கிடைத்தால் அதையே எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தண்ணீரை மட்டும் துடைத்துவிடுங்கள். முட்டை குளிர்ச்சியாக இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் மாவு திரிந்துபோகும். துருவலை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுப் பொடியாக்குங்கள். நீளத் துருவலாக இருந்தால் கத்தி அதில் சிக்கிக் கேக்கைப் பிய்க்கும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து வரும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மாவு, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சலித்து, துருவல், தேங்காய்ப்பாலோடு சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். 160 டிகிரி செல்சியஸில் 40 முதல் 45 நிமிடம். நடுவில் குத்திய குச்சி சுத்தமாக வந்தால் போதும். ஆறியதும் கிளிங் ராப்பில் சுற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். அன்றைக்கே செதுக்க ஆசைப்படாதீர்கள்.

கனாஷ்

ஃபாண்டன்டுக்கு அடியில் வழவழப்பாக இறுகும் கனாஷ்தான், அதாவது சாக்லேட்டும் க்ரீமும் சேர்ந்த பூச்சுதான் வேண்டும். க்ரீம் தடவிய கேக்கின் மேல் ஃபாண்டன்ட் நழுவும், ஈரம் பட்டுக் கரையும். 500 கிராம் டார்க் சாக்லேட்டுக்கு 250 கிராம் ஃபிரெஷ் க்ரீம் என்பது வழக்கமான அளவு. நம் ஊர்க் கோடைக்கு அது போதாது. கரூர் பரமத்திப் பக்கம் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஈரோடும் பெரிதாகக் குறைந்துவிடாது. அந்த மாதங்களில் க்ரீமை 200 கிராமாகக் குறையுங்கள். க்ரீமைக் கொதி வரும் முன் இறக்கி, பொடித்த சாக்லேட்டில் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்கி, மூடி வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் தடவும் பதத்துக்கு வரும்.

செதுக்குவது

மூன்று கேக்கின் மேல் மேட்டையும் சமமாக வெட்டி, இடையில் கனாஷ் தடவி அடுக்குங்கள். மேலிருந்து போர்டுவரை மூன்று மூங்கில் குச்சிகளைச் செருகினால் அடுக்கு நகராது. முனையைக் கேக்கின் மட்டத்துக்கு நறுக்கி, அடுக்கை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துத் தொடங்குங்கள்.

மேல் வட்டத்தின் ஓரத்தில் சம இடைவெளியில் மூன்று புள்ளி வையுங்கள். அவைதான் மேடுகள். பல் வைத்த பிரெட் கத்தியால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள பகுதியை மெல்லிய சீவலாக எடுங்கள். ஒரே வெட்டாக வெட்ட வேண்டாம். எடுத்ததைத் திரும்ப ஒட்டுவது கஷ்டம், எடுக்காததை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்புறம் நடுப்பகுதி அகலமாகவும் அடி குறுகலாகவும் வரும்படி கீழிருந்து வளையுங்கள். அகலமான இடத்தில் 13 செ.மீ. இருந்தால் போதும். கனாஷும் ஃபாண்டன்டும் சேர்ந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரு செ.மீ. கூட்டிவிடும்.

கடைசியில் தலைப்பகுதி. கடைக்காரர் அரிவாளால் நான்கைந்து போடு போடுவாரே, அதே மாதிரி நான்கு சாய்வெட்டு. நான்கும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. ஒன்று அகலமாக, ஒன்று ஒல்லியாக, ஒன்று சற்று ஆழமாக இருக்கட்டும். நட்டநடுவில் 4 செ.மீ. அகலம், ஒரு செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். வெட்டியதில் குச்சி முனை வெளியே தெரிந்தால் மட்டத்துக்கு நறுக்கிவிடுங்கள்.

இப்போது வெளிப்புறம் முழுக்க கனாஷ். முதல் பூச்சு மெல்லியதாக, தூளைப் பிடித்து நிறுத்துவதற்கு. அது இறுகியபின் இரண்டாவது பூச்சு. பேலட் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு இழுத்தால் மேடு பள்ளம் மறையும். இங்கே விடுகிற ஒவ்வொரு குழியும் ஃபாண்டன்ட் மேல் தெரியும், பொறுமையாகச் செய்யுங்கள்.

போர்த்துவது

அடி குறுகிய உருவத்தின் மேல் ஒரே பெரிய ஃபாண்டன்ட் விரிப்பைப் போட்டால் கீழே கொசுவம் விழும். பழகாத கைக்கு அதை நீவி எடுப்பது பெரும்பாடு. அதனால் மூன்று துண்டாகப் போர்த்துங்கள். இணைப்புக் கோடுகள் மூன்றும் மூன்று மேடுகளின் மேல் வந்துவிடும். காயிலேயே அங்கே கோடு போன்ற மேடு இருப்பதால், இணைப்பு யார் கண்ணிலும் இணைப்பாகத் தெரியாது.

600 கிராம் வெள்ளை ஃபாண்டன்டைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து இளக்குங்கள். இலைப் பச்சை ஜெல் நிறத்தைப் பல் குத்தும் குச்சி நுனியால் தொட்டுச் சேருங்கள், கூடவே எலுமிச்சை மஞ்சள், கடுகளவு பிரவுன். காய்க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபாண்டன்ட் காயைவிடச் சற்று வெளிறியே இருக்க வேண்டும். சில மணி நேரத்தில் நிறம் தானே கூடும், மேலே பவுடர் நிறமும் பூசப்போகிறோம். ஃபாண்டன்டை இறுக்கும் டைலோஸ் பவுடர் அரை டீஸ்பூன் சேர்த்தால் துண்டுகள் இழுபடாமல் நிற்கும்.

கேக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் பட்டர் பேப்பரை வைத்து, மேட்டிலிருந்து மேடுவரை வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஃபாண்டன்டை 4 மி.மீ. கனத்தில் தேய்த்து, அந்த அளவுக்கு வெட்டுங்கள். கனாஷ் மேல் ஈரப் பிரஷ்ஷை லேசாக ஓட்டிவிட்டு ஒட்டுங்கள். விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்டி நிற்கட்டும். விரல் நுனியில் துளி வனஸ்பதி தொட்டு இணைப்பைத் தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, பொள்ளாச்சி வீடுகளில் ஜன்னல் திறந்தால் போதும், மேஜை வரைக்கும் வந்து வீசும். அந்தக் காற்றிலும் ஃபேனுக்கு அடியிலும் ஃபாண்டன்டின் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேலையில் இல்லாத துண்டைக் கிளிங் ராப்பில் சுற்றியே வையுங்கள்.

சீவிய முகங்களுக்கு 150 கிராம் வெள்ளை ஃபாண்டன்டில் துளியிலும் துளி பிரவுன் கலந்து, நான்கு முகத்துக்கும் தனித்தனியாக ஒட்டுங்கள். பச்சையும் வெள்ளையும் சேரும் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும், அரிவாள் பட்ட இடம் அல்லவா. புதிய டூத்பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தால் நார் மாதிரி வரும். கத்தி நுனியால் அங்கங்கே நாலு கீறல் போடுங்கள்.

நிறம்

இந்தக் கட்டத்தில்தான் கேக் காயாக மாறும். உண்ணத்தக்கது என்று டப்பாவில் அச்சிட்ட பெட்டல் டஸ்ட் (பிரஷ்ஷால் பூசும் நிறப் பொடி) மட்டும் வாங்குங்கள். அலங்காரத்துக்கு மட்டும் என்று போட்டிருக்கும் பொடிகள் கேக்கில் சேரக் கூடாது.

அகலமான, உலர்ந்த பிரஷ்ஷால் மஞ்சளை அடிப்பக்கம் திட்டுத் திட்டாகத் தடவுங்கள். அதன்மேல் இலைப் பச்சையை மேலிருந்து கீழாக நீளக் கோடுகளாக இழுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள், மட்டையின் நார் போகும் திசை நீளவாக்கில்தான்.

அப்புறம் தழும்பு. தென்னையைத் தாக்கும் ஈரியோஃபைட் சிலந்தியை (கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சிற்றுயிர்) 1998-ல் கேரளத்தில் கண்டார்கள். பிறகு நம் தோப்புகளுக்கும் வந்தது. காம்புக்கு அடியில் இருந்துகொண்டு பிஞ்சின் சாற்றை உறிஞ்சும். காய் பெரிதாகும்போது அந்த இடம் பழுப்பேறி, நீளவாக்கில் வெடித்த தழும்பாக நிற்கும். இன்று கடையில் வாங்கும் காய்களில் இது சகஜம். இதைச் செய்ய, பிரவுன் ஃபாண்டன்டைக் காகிதம்போல் தேய்த்து, வெட்டாமல் கையால் கிழித்து, ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டுங்கள். குச்சியால் நீளமாகக் கீறி, கோகோ பவுடரைத் தேய்த்துவிடுங்கள். தழும்பே இல்லாத பச்சைக் காய் பொம்மையாகத்தான் தெரியும். எல்லாப் பக்கமும் தழும்பு வைத்தாலும் நம்ப முடியாது.

சீவிய வெள்ளை முகம் காற்றுப் பட்டதும் பழுப்பேறத் தொடங்கும், உங்கள் மேஜையில் இருக்கும் காயே காட்டும். அந்த விளிம்புகளில் வெளிர் பிரவுனை மெல்லத் தொடுங்கள். குழியைச் சுற்றி வெள்ளை ஃபாண்டன்ட் வளையம் ஒன்று, அது இளம் ஓடு. உள்ளே மெல்லிய வெள்ளைத் தகடு பதித்தால் வழுக்கை. தண்ணீருக்கு நிறமில்லாத பைப்பிங் ஜெல்லை ஊற்றி, ஒரு ஸ்ட்ரா செருகுங்கள். நிஜத் தண்ணீரோ சர்க்கரைப் பாகோ ஊற்றினால் ஃபாண்டன்ட் கரைந்துவிடும்.

பச்சை மட்டைக்கு லேசான மினுமினுப்பு உண்டு, சீவிய முகத்துக்குக் கிடையாது. விரலில் வனஸ்பதி தொட்டுப் பச்சைப் பகுதியை மட்டும் ஒற்றி எடுங்கள்.

வைப்பதும் கொண்டுபோவதும்

முடித்த கேக்கைத் திறந்தபடி ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஃபாண்டன்ட் வியர்த்து நிறம் ஒழுகும். அட்டைப் பெட்டியில் மூடி, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் ஒரு நாள் தாராளமாக வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டுமென்றால் பெட்டியோடு வைத்து, வெளியே எடுத்தபின் பெட்டியைத் திறக்காமல் ஓரிரு மணி நேரம் விடுங்கள். வியர்வை பெட்டியின் மேல் போகும். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு ஏறக்குறைய 40 கி.மீ. காரில் கொண்டுபோனால் ஏசியைப் போட்டு, பெட்டியைச் சமமான தரையில் வையுங்கள். சாய்ந்த சீட்டும் மடியும் ஆகாது.

வெட்டும் முன் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, தலைப்பகுதியின் ஃபாண்டன்டை விலக்கி மூங்கில் குச்சிகளை உருவி எண்ணிப் பாருங்கள், குச்சி மூன்றும் வந்திருக்க வேண்டும். மேலடுக்கைக் கத்தியால் கிடையாகப் பிரித்துத் தனித் தட்டில் எடுத்து, அப்புறம் துண்டு போடுங்கள். இந்த அளவுக்கு 25 பேர் வரை சாப்பிடலாம். ஃபாண்டன்ட் பிடிக்காதவர்களுக்குத் தோலை உரித்துக் கொடுத்தாலும் உள்ளே கனாஷும் தேங்காய்க் கேக்கும் முழுசாக இருக்கும்.